கார் பாடி வேலைக்கு வீட்டு வெல்டிங் மெஷின்: எது தேறும், எது தேறாது

குறைந்த விலை வெல்டிங் மெஷின்களின் பெட்டியில் 200, 250 என்று பெரிதாக அச்சடித்த ஆம்பியர் எண்ணைப் பார்த்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். கார் பாடி வேலைக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. கதவு, ஃபெண்டர், பின் குவார்ட்டர் ஆகியவற்றின் வெளித் தகடு பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மி.மீ. கனம்தான். அதற்கு 30 முதல் 50 ஆம்பியர் தாராளம். ஆகவே மெஷின் எவ்வளவு கீழே இறங்குகிறது, இறங்கிய இடத்தில் ஆர்க் (கம்பிக்கும் தகட்டுக்கும் இடையே எரியும் மின்பொறி) விட்டுவிட்டு எரியாமல் நிற்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த மெஷின்கள் சறுக்குவது இங்கேதான்.

கையில் தூக்கிப்போகும் சின்ன ராடு மெஷின் எல்லாவற்றையும்விட மலிவு. கேட், ஸ்டாண்டு, 2 மி.மீ.க்கு மேற்பட்ட பிராக்கெட் என்றால் நன்றாகவே வேலை செய்யும். பாடி தகட்டுக்கு வேண்டாம். 1.6 மி.மீ. ராடு போட்டு ஆம்பியரை எவ்வளவு குறைத்தாலும், ராடை உரசி ஆர்க் பிடிக்கும் நொடியிலேயே தகடு உருகிப் பொத்தல் விழுந்துவிடும். இன்வெர்ட்டர் (மின்னணு முறையில் மின்சாரத்தை மாற்றும்) மெஷின்களில் இருக்கும் ஹாட் ஸ்டார்ட் வசதி அந்த நொடியில் ஆம்பியரைக் கூட்டிவிடுவதால் மெல்லிய தகட்டில் நிலைமை இன்னும் மோசமாகும்.

அடுத்தது கேஸ் இல்லாமல் ஃப்ளக்ஸ் கம்பியில், அதாவது வெல்டைக் காக்கும் பொடியை உள்ளே அடைத்த கம்பியில், ஓடும் மெஷின். சிலிண்டர் செலவு இல்லை என்பதால் ஆசை காட்டும். ஆனால் அந்தக் கம்பி பொதுவாக 0.8 அல்லது 0.9 மி.மீ.; அதை உருக்கவே கூடுதல் சூடு வேண்டும். ஒவ்வொரு டேக்கின் (சின்னப் புள்ளி வெல்டு) மேலும் கசடு படியும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்காமல் அடுத்த டேக்கை அதன் மேல் வைத்தால் கசடு உள்ளே சிக்கி ஓட்டை ஓட்டையாக வரும். இதிலும் மிக மலிவான டிரான்ஸ்ஃபார்மர் வகை சிலவற்றில் அவுட்புட் ஏசி. கேஸ் வால்வும் இருக்காது, பின்னால் கேஸ் மெஷினாக மாற்றவும் வழியில்லை. அதைத் தொடவே வேண்டாம். டிசி வகை என்றால் தரைத் தகட்டில் 1.2 மி.மீ.க்கு மேற்பட்ட ஒட்டுகளுக்கு, அதுவும் காற்றடிக்கும் திறந்தவெளியில், உதவும். பெரும்பாலான ஃப்ளக்ஸ் கம்பிக்கு டார்ச் (கம்பி வெளிவரும் கைப்பிடி) நெகட்டிவில் இருக்க வேண்டும். பாசிட்டிவிலேயே விட்டுவிட்டு, தெறிப்பு தாங்கவில்லை என்று மெஷினைக் குறை சொல்பவர்கள் நிறைய.

வாங்க வேண்டியது சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர் மிக் (கம்பியைத் தானே ஊட்டி, கேஸின் பாதுகாப்பில் வெல்டு அடிக்கும்) மெஷின், கேஸோடு. கம்பி 0.6 மி.மீ., ரகம் ஈஆர் 70 எஸ்-6. டார்ச் பாசிட்டிவ். மெல்லிய கம்பி குறைந்த சூட்டிலேயே உருகும் என்பதால் தகடு பிழைக்கும். ஆனால் மெஷினோடு வருவது பெரும்பாலும் கம்பியைத் தள்ளும் 0.8, 1.0 அளவு ரோலர்தான். 0.6 பள்ளம் உள்ள ரோலரும் 0.6 டிப்பும் (டார்ச்சில் கம்பி வெளிவரும் முனை) அந்த மாடலுக்குக் கிடைக்கின்றனவா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். குறைந்தபட்ச அவுட்புட் 30 ஆம்பியர், ஏறக்குறைய 15.5 வோல்ட் என்று இருந்தால் நல்ல மெஷின். 50 ஆம்பியரில்தான் தொடங்குகிறது என்றால் பாடி வேலைக்குச் சரிவராது. தகட்டின் கனத்தைச் சொன்னால் தானே செட் செய்துகொள்ளும் சினர்ஜிக் வசதி புதியவர்களுக்கு நல்லதுதான். அதற்கு மேல் வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றி இறக்கவும் ஒரு திருகு இருக்க வேண்டும்.

இனி வயர் ஃபீட், அதாவது கம்பியை டார்ச்சுக்குத் தள்ளும் பகுதி. மலிவான மெஷினும் நல்ல மெஷினும் பிரியும் இடம் இதுதான் என்று அடித்துச் சொல்லலாம். மூடியைத் திறந்து பாருங்கள். ரோலரைத் தாங்கும் சட்டமும் அழுத்தும் கையும் உலோகமாக இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் சட்டம் நாளடைவில் வளைந்து ரோலர் கோணலாகும், கம்பி வழுக்கும். வழுக்கும் நொடியில் கம்பி பின்னோக்கி எரிந்து டிப்போடு ஒட்டிக்கொள்ளும். அதைச் சரிசெய்ய ரோலரை இறுக்கினால், டிப் அடைத்த அடுத்த தடவை கம்பி வெளியே போக வழியில்லாமல் ரோலர் பக்கத்திலேயே சிக்குண்டு சுருளும். டார்ச்சை ஒரு மரத்துண்டின் மேல் சாய்வாகப் பிடித்துக் கம்பியை ஓட விடுங்கள். முட்டியபின் கம்பி வளைந்து சுருண்டு தொடர்ந்து வர வேண்டும். அதற்குத் தேவையான மிகக் குறைந்த அழுத்தமே சரியான அழுத்தம். 0.6 கம்பி துவளக்கூடியது. 3 மீட்டருக்கு மேல் நீளமான டார்ச் வேண்டாம், வேலையின்போது கேபிளைச் சுருட்டியும் வைக்க வேண்டாம். டார்ச்சைக் கழற்றி மாட்டும் யூரோ கனெக்டர் இருந்தால் டார்ச் கெட்டாலும் லைனர் (கேபிளுக்குள் கம்பி ஓடும் குழல்) தேய்ந்தாலும் எளிதாக மாற்றலாம். மெஷினோடு நிரந்தரமாக இணைத்த டார்ச்சில் அந்த வசதி குறைவு.

5 கிலோ ஸ்பூல் ஏறும் மெஷின் வசதிதான். இருந்தாலும் எப்போதாவது வேலை செய்பவருக்கு 1 கிலோ ஸ்பூலே நல்லது. ஈரத்தில் மாதக்கணக்கில் கிடந்து துருவேறிய கம்பி லைனரைக் கெடுத்துவிடும்.

பெட்டியில் உள்ள எண் உண்மையா என்பதை மெஷினின் பின்பக்கப் பெயர்த்தகட்டில் பார்த்துவிடலாம். மிக் வெல்டிங்கில் 200 ஆம்பியருக்கு வழக்கமான வோல்டேஜ் 24. அதாவது 4,800 வாட். ஒரு துளியும் இழப்பே இல்லாவிட்டாலும் 230 வோல்ட் லைனில் 21 ஆம்பியர் இழுத்தாக வேண்டும், நடைமுறையில் இன்னும் அதிகம். 16 ஆம்பியர் பிளக் மாட்டிய மெஷினில் 200 என்று போட்டிருந்தால் அதே விற்பனையாளரின் மற்ற எண்களையும் நம்ப முடியாது. டியூட்டி சைக்கிளைப் (பத்து நிமிடத்தில் எத்தனை சதவீத நேரம் இடைவிடாமல் வெல்டு அடிக்கலாம் என்ற அளவு) பற்றிக் கவலை வேண்டாம். பாடி வேலை முழுவதும் டேக்தான். 45 ஆம்பியரில் 20 சதவீத மெஷின்கூட இளைப்பாறாமல் ஓடும்.

கேஸில் ஆர்கான் 80, கார்பன் டை ஆக்சைடு 20 என்ற கலவை மெல்லிய தகட்டுக்கு ஏற்றது. தனி கார்பன் டை ஆக்சைடு மலிவு, வேலையும் நடக்கும். ஆனால் சூடும் தெறிப்பும் கூடுதல், பொத்தல் விழும் வாய்ப்பும் கூடுதல். ஓட்டம் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர். கூட்டினால் பாதுகாப்பு கூடும் என்று நினைத்து 20க்கு ஏற்றினால் கேஸ் சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும், வெல்டில் ஊசித் துளைகள் வரும். மின்விசிறி ஓடினாலும் அதே கதி. 100 லிட்டர் கேஸ் அடைத்த, வீசியெறியும் சின்ன சிலிண்டர் 8 லிட்டர் வேகத்தில் 12 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு கதவின் கீழ்ப்பகுதியை மாற்றவே போதாது. மெஷினில் மிச்சம் பிடித்தாவது மறுநிரப்பும் சிலிண்டர் வாங்குங்கள்.

மெஷினைச் சோதிக்க 0.8 மி.மீ. கழிவுத் தகடு இரண்டு போதும். வண்ணம், துரு, துத்தநாகம் போகும்வரை இருபுறமும் தேய்த்து, இடையே கம்பிக் கனம் அளவு இடைவெளி விட்டு முட்டவையுங்கள். கம்பி டிப்பிலிருந்து 8 மி.மீ. நீட்டியிருக்கட்டும். 25 முதல் 30 மி.மீ.க்கு ஒரு டேக், ஒவ்வொன்றும் ஒரு நொடிக்குள். பிறகு ஒரு முனையில் ஒன்று, எதிர்முனையில் ஒன்று என்று தாவித்தாவி, கை வைக்கும் அளவுக்கு ஆறவிட்டு, இடைவெளிகளை நிரப்புங்கள். தொடர்ச்சியாக இழுத்தால் எந்த மெஷினிலும் தகடு நெளியும். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். லேசான மேடு தெரிந்தால் சரி. பின்னால் ஒன்றும் தெரியாமல் முன்னால் பட்டாணி போல உருண்டு நின்றால் வோல்டேஜ் போதவில்லை. கிரைண்டர் வைத்ததும் பிடிப்பு போய்விடும். பொத்தல் விழும் இடத்தில் பின்னால் செம்புத் துண்டை அழுத்திப் பிடித்தால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும், வெல்டு அதில் ஒட்டாது.

டங்ஸ்டன் முனையால் தகட்டை உருக்கி, கம்பியைக் கையால் ஊட்டும் டிக் வெல்டிங்கில் கிடைக்கும் வெல்டு மென்மையானது, சுத்தியால் தட்டிச் சமன் செய்யலாம். கைத்திறன் கேட்கும், நேரம் தின்னும், தகடும் பளிச்சென்று இருக்க வேண்டும், கேஸும் தனி ஆர்கான். ராடு, மிக், டிக் மூன்று வேலையும் ஒரே மெஷினில் என்ற காரணத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அந்தப் பணம் ஆர்க் எரிந்ததும் தானே 9, 10 ஷேடு கருமைக்கு மாறும் ஆட்டோ ஹெல்மெட்டுக்குப் போகட்டும். குறைந்த ஆம்பியரிலும் சட்டென்று கருக்கிறதா என்று சோதித்து வாங்குங்கள்.

பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு வெல்டு அடிக்காதீர்கள். அதில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருந்தால் ஆர்க்கில் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும், உயிருக்கே ஆபத்து. பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்டுக்கு அருகிலேயே சுத்தமான உலோகத்தில் மாட்டுங்கள். பெட்ரோல் டேங்க், குழாய், விபத்தில் சீட் பெல்ட்டை இறுக்கும் கருவி, ஏர்பேக் பக்கத்தில் ஆர்க் வேண்டாம். உட்புற ஃபோமும் அடிப்பூச்சும் பின்பக்கம் மெல்லப் புகைந்து பிறகு தீப்பிடிக்கும். வேலை முடிந்து அரை மணி நேரமாவது அங்கேயே இருங்கள். முன், பின் கதவுகளுக்கு இடையே உள்ள நடுத்தூண் போன்ற உயர்வலிமை எஃகுப் பகுதிகளை வீட்டு மெஷினால் தொடக்கூடாது. வெல்டு சூட்டில் அதன் வலிமை போய்விடும், வெளியே பார்த்தால் தெரியாது. வெல்டு முடிந்த தகட்டின் பின்பக்கம் வண்ணம் கருகி வெறும் இரும்பாக நிற்கும். முன்னால் பட்டி பூசும் முன் பின்னால் ப்ரைமரும் மெழுகும் அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலம் தாண்டுவதற்குள் துரு அதே இடத்தில் மேலே வந்துவிடும்.