சாரல் சீசனில் குற்றாலம்: டெண்டில் இரண்டு ராத்திரி

ஊருக்கு வரும்போதெல்லாம் குற்றாலம் போக வேண்டும் என்று பேசுவோம், ஆனால் டொராண்டோவில் இருந்து நாங்கள் வருவது எப்போதும் டிசம்பரில், அப்போது சாரல் கிடையாது. இந்தத் தடவை பிள்ளைகளின் கோடை விடுமுறையில், ஜூலையில் வந்தோம். அங்கே வருஷா வருஷம் அல்கோன்குவின் காட்டில் டெண்ட் போட்டுப் பழகியவர்கள் என்பதால், இங்கேயும் டெண்டில்தான் தங்க வேண்டும் என்று இரண்டும் ஒரே அடம். அம்மா, அத்தை, நாங்கள் நாலு பேர், ஆக ஆறு பேர் சங்கரன்கோவிலில் இருந்து கிளம்பினோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் டெண்ட் போட வனத்துறை விடாது, தேனருவிப் பக்கம் ஏறவே அனுமதி இல்லை. அதனால் டெண்ட் என்றால் தனியார் தோப்புகளில்தான். நாங்கள் ஆன்லைனில் பிடித்த தென்னந்தோப்பு படத்தில் மேட்டு நிலமாகத் தெரிந்தது, நேரில் போனால் பாத்தி ஓரத்துப் பள்ளத்தில் டெண்டை அடித்து வைத்திருந்தார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குச் சாரல் பிடித்ததும் அடித்துணி சில்லென்று ஈரமாகிவிட்டது. முதலாளிக்கு நாலு தடவை போன் போட்டும் எடுக்கவில்லை. தோப்புக் காவலுக்கு இருந்த பெரியவர்தான் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு வந்தார். "அண்ணாச்சி, பிள்ளைகளை அந்தத் திண்ணைக்குக் கூட்டிட்டுப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, டெண்டைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, மேட்டில் தென்னங்கீற்றை இரண்டடுக்காகப் பரப்பி, டெண்டை அப்படியே தூக்கி அதன்மேல் வைத்தார். அரைமணி நேர வேலை. அப்புறம் விடியும்வரை ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. காசு கொடுத்தால் வாங்கவே மாட்டேன் என்றார், பேரனுக்கு என்று சொல்லித்தான் கையில் திணிக்க முடிந்தது.

மறுநாள் காலை பேரருவிக்குப் போனால் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது, குளிக்கத் தடை. மேலே பொங்குமாங்கடல் என்று சொல்லும் பாறைக் குழியில் விழுந்து எழும்பி வரும் தண்ணீர் அந்த வளைவுக்கு வெளியே விழ ஆரம்பித்தால் யாரையும் உள்ளே விடுவதில்லை. மகன் அழுதான், ஆனால் எனக்கு அந்தக் கண்டிப்பு மனதுக்கு நிறைவாக இருந்தது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனதே, அதை எப்படி மறக்க முடியும். பணியில் இருந்த பெண் காவலர் என் அம்மாவின் கையைப் பிடித்து நிழலில் உட்கார வைத்து, "ஆச்சி, தண்ணி குறையட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னார், சொன்னபடி மத்தியானம் தேடி வந்து கம்பியருகே நிற்க வைத்துவிட்டும் போனார். எழுபது வயதில் அம்மா அந்தக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சு வாங்க வாங்க நின்றதைப் பார்த்தபோது வந்த செலவுக்கெல்லாம் ஈடாகிவிட்டது என்று தோன்றியது.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் முக்கியமாக எழுத நினைத்தேன். ஓர் அருவியில் (எது என்று வேண்டாம்) பெண்கள் உடை மாற்றும் அறைக்கு என் மனைவியும் மகளும் போனார்கள். வாசலில் காசு வாங்க ஆள் இருக்கிறார், ரசீது கிடையாது, சரி, அது போகட்டும். உள்ளே கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, துணி மாட்ட ஒரு ஆணி இல்லை, தரையில் கணுக்கால் வரை அழுக்குத் தண்ணீர், அதில் ஷாம்பு பாக்கெட்டுகள் மிதக்கின்றன, இத்தனைக்கும் அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கு உயர்நீதிமன்றத்தின் தடையே இருக்கிறது. பதினோரு வயது மகள் ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, உலர்ந்த சட்டையைப் பல்லில் கவ்விக்கொண்டு நின்றிருக்கிறாள். வெளியே வந்து "இனிமே நான் குளிக்க வரலப்பா" என்றாள். அம்மாவுக்கோ அந்த வழுக்குத் தரையில் கால் வைக்கவே பயம், வண்டிக்குப் பின்னால் அத்தை புடவையை மறைப்பாகப் பிடிக்க, ரோட்டோரத்தில் மாற்ற வேண்டியிருந்தது. ஆண்கள் நாம் துண்டைக் கட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் மாற்றிவிடுகிறோம், அதனால்தான் குற்றாலம் போய்வந்து சொல்கிறவர்கள் தண்ணீரையும் பரோட்டாவையும் மட்டும் சொல்கிறோம் என்று நினைக்கிறேன். ஒரு தாழ்ப்பாளும் நாலு ஆணியும் போட எவ்வளவு ஆகும்? மலை இத்தனை தண்ணீரைச் சும்மா கொடுக்கிறது.

மற்றபடி சாப்பாட்டுக்குக் குறையில்லை. பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும், ஐந்தருவி ரோட்டில் மங்குஸ்தானும் ரம்புட்டானும். எல்லாக் கடையிலும் கூகுள் பே ஸ்கேன் அட்டைதான், எங்களைப்போல வெளிநாட்டு வங்கிக் கணக்கு மட்டும் வைத்திருப்பவர்கள் தென்காசியிலேயே பணம் எடுத்துச் சில்லறையாக மாற்றிக்கொள்வது நல்லது. வேனில் வந்த ஒரு பெரிய குடும்பம் ரோட்டோரம் அடுப்பு மூட்டி எலுமிச்சை சாதம் கிளறிக்கொண்டிருந்தது, கேட்காமலே எங்கள் பிள்ளைகள் கையிலும் ஆளுக்கொரு இலையைக் கொடுத்தார்கள்.

கடைசி நாள் விடியற்காலை ஐந்தருவியில் கூட்டம் வருவதற்கு முன்னால் போனோம். அத்தை ராத்திரியே ஒரு பழைய புடவையில் கயிறு கோர்த்துத் தைத்து வைத்திருந்தார், இரண்டு மரத்துக்கு நடுவே கட்டி நாலு துணிக் கிளிப் போட்டதும் அறை ரெடி. மகள் முதல் ஆளாக உள்ளே போனாள், பின்னாலேயே முன்பின் தெரியாத இரண்டு அக்காமார் வந்து, "நாங்களும் மாத்திக்கிடலாமா?" என்று கேட்டு வரிசையில் நின்றார்கள். கிளம்பும்போது அந்தப் புடவையை அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்தார் அத்தை.