"என் படத்துக்கு ஒரு ஓட்டுப் போடுங்க": புகைப்படக் குழுக்களில் சுற்றும் சுட்டி பற்றி எச்சரிக்கை

பறவை, பூச்சி, தெரு, மழை என்று எடுத்ததைப் பகிர்ந்துகொள்ளும் குழுக்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் செய்தி இது: "அக்கா, என் மீன்கொத்திப் படம் போட்டியில கடைசிச் சுற்றுக்கு வந்திருக்கு. ஒரே ஒரு ஓட்டுப் போட்டுடுங்க, ரெண்டு நிமிஷம்தான்." கீழே ஒரு லிங்க். அனுப்பியவர் தெரிந்தவர். படமும் அவர் எடுத்ததுதான், இதே குழுவில் எல்லோரும் பாராட்டிய படம். ஆனால் அனுப்பியது அவர் இல்லை. அவருடைய வாட்ஸ்அப் கணக்கில் வேறு யாரோ புகுந்திருக்கிறார்கள். ஓட்டுப் போடப் போகிறவரின் கணக்கிலும் அடுத்து அவர்களே புகுவார்கள்.

லிங்க்கைத் தொட்டால் போட்டித் தளம் போலவே ஒரு பக்கம் திறக்கும். நாலைந்து படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஓட்டு எண்ணிக்கை. நண்பரின் படம் இரண்டாம் இடத்தில், முதலிடத்துக்குச் சில ஓட்டுகள் மட்டும் குறைவாக இருக்கும். அந்த எண்கள் அவசரத்தை உண்டாக்க எழுதி வைத்தவை. "ஒருவருக்கு ஒரு ஓட்டு, எனவே சரிபார்க்க வேண்டும்" என்று பக்கம் தொலைபேசி எண்ணைக் கேட்கும். எண்ணைக் கொடுத்ததும் இரண்டில் ஒன்று நடக்கும்.

ஒன்று, பக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த 8 இலக்கக் குறியீடு தோன்றும். அதே நேரத்தில் உங்கள் போனில் உண்மையான வாட்ஸ்அப்பிலிருந்தே ஓர் அறிவிப்பு வரும், குறியீட்டை உள்ளிடச் சொல்லி. அறிவிப்பு அசலானது என்பதால் சந்தேகம் வராது. உண்மையில் அது ஓட்டுக்கான குறியீடு அல்ல. இன்னொரு கணினியை உங்கள் கணக்கோடு இணைப்பதற்கானது. மோசடிக்காரர் தன் கணினியில் உங்கள் எண்ணைப் போட்டு "தொலைபேசி எண் மூலம் இணை" என்று கொடுத்திருப்பார். அங்கே வந்த குறியீட்டைத்தான் அந்தப் பக்கம் உங்களிடம் காட்டுகிறது. சில பக்கங்களில் குறியீட்டுக்குப் பதில் க்யூ.ஆர். கட்டம் இருக்கும், நடப்பது அதேதான்.

மற்றொன்று பழைய முறை. 6 இலக்க எண் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். அதைப் பக்கத்தில் போடச் சொல்வார்கள், அல்லது "அண்ணா, தவறி உங்க நம்பருக்கு என் கோட் வந்துடுச்சு, கொஞ்சம் அனுப்புங்க" என்று நண்பர் கணக்கிலிருந்தே கேட்பார்கள். அது உங்கள் கணக்கை வேறொரு போனுக்கு மாற்றும் எண். கொடுத்த மறுநொடி உங்கள் போனில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும்.

இரண்டில் முதல் முறைதான் அதிகம் கெடுதல் செய்கிறது. காரணம் எளிது: உங்கள் போனில் எதுவும் நின்றுபோவதில்லை. செய்திகள் வரும், போகும். இன்னொரு கணினியும் அதே கணக்கில் திறந்திருக்கிறது என்பது தெரியாது. போனை அணைத்து வைத்தாலும் அந்த இணைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். போனை 14 நாள் பயன்படுத்தாமல் விட்டால்தான் தானாக அறுபடும். இணைத்த கணினிக்கு அண்மைய உரையாடல்களும் போய்ச் சேர்ந்துவிடும். யாரை அக்கா என்கிறீர்கள், யாரை சார் என்கிறீர்கள், எந்தப் படத்தைப் பற்றிப் பேசினீர்கள் எல்லாம் அவர்களுக்குக் கிடைக்கும். "பேச்சு நடை வேறு மாதிரி இருந்தால் கண்டுபிடித்துவிடலாம்" என்ற நம்பிக்கை இங்கே உதவாது. அனுப்பிய செய்திகளை உடனுக்குடன் அழித்தும் விடுவார்கள் என்பதால் கணக்குக்கு உரியவர் கண்ணில் அவை படுவதும் அரிது.

புகைப்படக் குழுக்களைத் தேடி வருவதற்கும் காரணம் உண்டு. இங்கே ஓட்டுக் கேட்பது சகஜம். உறுப்பினர்களில் பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை, குரல்கூடத் தெரியாது. தூண்டிலில் மாட்ட நல்ல படம் குழுவிலேயே கிடைக்கிறது. பாராட்டு கேட்டால் மறுக்காத கூட்டம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கணக்குகள் கைக்கு வந்த பிறகுதான் பணம் கேட்பது தொடங்கும்: "லென்ஸ் ஒண்ணு குறைஞ்ச விலைக்கு வருது, இன்னிக்கு மட்டும் அனுப்பி உதவுங்க, நாளைக்குத் தந்துடறேன்."

இன்ஸ்டாகிராமில் இதற்கு வேறு வடிவம். "உங்க போனுக்கு ஒரு லிங்க் வரும். அதைத் தொட வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து அனுப்புங்க." தொட வேண்டாம் என்று அவரே சொல்வதால் பாதுகாப்பு போலத் தோன்றும். வந்திருப்பது உங்கள் கணக்குக்குள் நுழையும் லிங்க். ஸ்கிரீன்ஷாட்டில் அதன் முகவரி முழுதாகத் தெரியும், பார்த்துத் தட்டச்சு செய்தால் போதும். "ஓட்டுப் பதிவாக உங்க மெயில் முகவரியைக் கொஞ்ச நேரம் இதுக்கு மாத்துங்க" என்று கேட்பதும் உண்டு. மாற்றினால் கணக்கு போயிற்று.

சோதிக்க ஒரு வழிதான் உருப்படியானது: அந்தக் கணக்குக்கு வெளியே கேட்பது. சாதாரணத் தொலைபேசி அழைப்பு, மின்னஞ்சல், வேறொரு செயலி, இருவருக்கும் தெரிந்த மூன்றாமவர், எதுவானாலும் சரி. அதே உரையாடலில் "நீங்கதானா?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். லிங்க்கின் முகவரியைப் பார்ப்பதும் உதவும், ஆனால் ஓரளவுக்குத்தான். போட்டியின் பெயர் போலவே ஒலிக்கும் முகவரிகளை அவர்கள் புதிது புதிதாகப் பதிந்துகொண்டே இருக்கிறார்கள். ஓட்டுப் போட வாட்ஸ்அப்பின் இணைப்புக் குறியீடு எந்தப் போட்டிக்கும் தேவைப்படாது. அதைக் கேட்டால் பக்கத்தை மூடிவிடலாம், மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

ஏற்கெனவே குறியீட்டைப் போட்டுவிட்டவர்கள் செய்ய வேண்டியது:

வாட்ஸ்அப் அமைப்புகளில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதியைத் திறக்கவும். தெரியாத பெயர் எதுவாக இருந்தாலும் தொட்டு வெளியேற்றவும். ஒரு கணக்கோடு நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம், ஆகவே ஒன்றை நீக்கிவிட்டு நிறுத்தாமல் பட்டியல் முழுவதையும் பார்க்கவும். சந்தேகமிருந்தால் எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு, உங்களுடையதை மறுபடி இணைத்துக்கொள்வது எளிது. பிறகு இரு-படி சரிபார்ப்பில் 6 இலக்க ரகசிய எண்ணை அமைத்து, மீட்பு மின்னஞ்சலும் கொடுக்கவும். எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் 6 இலக்க எண் திருடுபோனாலும் கணக்கு வேறு போனுக்கு மாறாமல் இந்த ரகசிய எண் தடுக்கும், சாதன இணைப்பைத் தடுக்காது. "ரகசிய எண் போட்டுவிட்டேன், இனி பயமில்லை" என்று இருந்துவிடக் கூடாது.

கணக்கே கைவிட்டுப் போயிருந்தால், உங்கள் எண்ணைக் கொண்டே வாட்ஸ்அப்பில் மறுபடி பதிவு செய்யுங்கள். புதிதாக வரும் 6 இலக்க எண்ணைப் போட்டதும் மற்றவர் வெளியேற்றப்படுவார். இதற்கிடையில் அவர் இரு-படி ரகசிய எண் வைத்திருந்தால், அது தெரியாமல் உள்ளே செல்ல 7 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 7 நாளும் அவரும் உள்ளே இருக்க முடியாது. நீங்கள் அந்த 6 இலக்க எண்ணைப் போட்டபோதே வெளியே போயிருப்பார். உள்ளே வந்ததும் இணைக்கப்பட்ட சாதனங்களை மறக்காமல் பார்க்கவும். இன்ஸ்டாகிராமில் முகவரி மாற்றப்பட்டிருந்தால், பழைய மின்னஞ்சலுக்கு வந்திருக்கும் அறிவிப்பிலேயே மாற்றத்தைத் திரும்பப் பெறும் வழி இருக்கும். அதே தோற்றத்தில் போலி மின்னஞ்சல்களும் வருவதால், கணக்குக்குள் நுழைய முடிகிறவர்கள் செயலிக்குள் இருக்கும் "சமீபத்திய மின்னஞ்சல்கள்" பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளவும். இன்ஸ்டாகிராம் அனுப்பியவை மட்டும் அதில் இருக்கும்.

குழு நிர்வாகிகளுக்கு ஒன்று: கணக்கு திருடுபோனது உறுதியானால் அந்த உறுப்பினரை உடனே தற்காலிகமாக நீக்குங்கள். சங்கடப்பட வேண்டாம், மீண்டும் சேர்க்க ஒரு நிமிடம் போதும். அவர் நிர்வாகியாகவும் இருந்தால் முதலில் அந்தப் பொறுப்பை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மற்ற நிர்வாகிகளை மோசடிக்காரர் நீக்கிவிடுவார், பிறகு குழுவே அவர் கையில்.

ஓட்டு மோசடி அடங்கும் வேளையில் "உங்கள் படத்தை வாங்கிக்கொள்கிறேன்" என்று ஒருவர் வருவார். பாராட்டு கொஞ்சம் மிகையாக இருக்கும். மங்கலான தேநீர்க் கோப்பைப் படத்தைக்கூட அபூர்வம் என்பார். என்.எஃப்.டி.யாக (இணையப் பேரேட்டில் பதிந்து விற்கும் டிஜிட்டல் சான்றாக) ஐந்து படங்கள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இத்தனை ஈதர் (எதீரியம் என்ற வலைப்பின்னலின் மெய்நிகர் நாணயம்) தருகிறேன் என்று பேசி, ஒரு குறிப்பிட்ட தளத்தில்தான் ஏற்ற வேண்டும் என்று வற்புறுத்துவார். அந்தத் தளம் அவருடையது. ஏற்றுவதற்குக் "காஸ் கட்டணம்" என்று பணம் கேட்கும். கட்டினால் படங்கள் விற்றுவிட்டதாகவும் கணக்கில் பெருந்தொகை இருப்பதாகவும் திரையில் காட்டும். எடுக்கப் போனால் வரி, தரகு, சரிபார்ப்பு வைப்புத்தொகை என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். எதீரியத்தில் காஸ் கட்டணம் என்பது நிஜமாகவே உண்டு, அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆனால் அது பரிவர்த்தனை நடக்கும்போது மெய்நிகர் நாணயம் வைத்திருக்கும் உங்கள் சொந்த வாலட்டிலிருந்து வலைப்பின்னலுக்குப் போவது. தளத்தின் முகவரிக்கு முன்கூட்டியே அனுப்பி வைப்பது காஸ் கட்டணம் ஆகாது. உங்கள் பணத்தை எடுக்க மேலும் பணம் போடச் சொல்லும் இடத்தில் உங்கள் பணம் இல்லை. வாலட்டின் 12 அல்லது 24 சொற்கள் கொண்ட மீட்புத் தொடரைக் கேட்டால், அது வாலட்டையே துடைத்தெடுக்க.

இன்னொருவர் தன்னை ஓவியர் என்பார். உங்கள் நாய் படத்தைப் பார்த்து வரைய அனுமதி வேண்டும், பணம் தருகிறேன் என்பார். பேசியதைவிடக் கூடுதலான தொகைக்குக் காசோலை வரும், மிச்சத்தை வண்ணப் பொருள் விற்பவருக்கு அனுப்பிவிடச் சொல்வார். வங்கி முதலில் தொகையை வரவு வைத்துக் காட்டும். சில நாள் கழித்துக் காசோலை போலி என்று திரும்பும்போது அந்த வரவு ரத்தாகும். நீங்கள் அனுப்பிய மிச்சம் மட்டும் உண்மையான பணம்.

இனி, சட்டப்படியே நடக்கும் ஏமாற்று. சில போட்டிகளின் விதிகளில், படத்தைப் பதிவேற்றிய நொடியிலேயே "நிரந்தரமான, திரும்பப் பெற முடியாத, உலகளாவிய, ராயல்டி இல்லாத, பிறருக்கும் வழங்கவல்ல" உரிமத்தைக் கொடுக்கிறீர்கள் என்று இருக்கும். பரிசு ஒருவருக்கு, படங்கள் எல்லோருடையவையும் அவர்களுக்கு. நிரந்தரம், பிறருக்கு வழங்குவது என்ற இரண்டும் சேர்ந்து வந்து, "இந்தப் போட்டியை விளம்பரப்படுத்த மட்டும்" என்ற வரம்பு இல்லையென்றால் விலகிவிடலாம். நுழைவுக் கட்டணத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்: 1965இல் தொடங்கி இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியும் பெரியவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. ரா கோப்பை (கேமரா பதிவு செய்த, மாற்றம் செய்யாத மூலக் கோப்பை) எப்போது கேட்கிறார்கள் என்பதைப் பாருங்கள். நல்ல போட்டி இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களிடம் சரிபார்க்கக் கேட்கும். எடுத்த எடுப்பிலேயே எல்லோரிடமும் கேட்டால் அது உங்கள் மூலத்தைச் சேகரிக்கிறது. அனுப்பிய எல்லோரையும் "இறுதிப் போட்டியாளர்" ஆக்கி, தொகுப்பு நூலையும் சான்றிதழையும் விலைக்கு விற்கும் வகையும் உண்டு. அதில் இழப்பது பணம் மட்டும்.

நண்பர்களோடு பகிர முழு அளவுக் கோப்பு தேவையே இல்லை. நீளப் பக்கம் 2048 பிக்சல், எஸ்.ஆர்.ஜி.பி. வண்ணம் (திரைகளுக்கான பொது வண்ண அமைப்பு), ஜே.பெக் தரம் 80 என்று ஏற்றுமதி செய்தால் திரையில் அழகாகவே இருக்கும். அடோபி ஆர்.ஜி.பி. என்ற அகன்ற வண்ண அமைப்பில் விட்டால் பல செயலிகளில் வண்ணம் வெளிறும். 2048 பிக்சலை அங்குலத்துக்கு 300 வீதம் அச்சிட்டால் ஏழு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. 24 மெகாபிக்சல் மூலக் கோப்பிலோ இருபது அங்குலம் கிடைக்கும். திருடி அச்சடிக்க நினைப்பவருக்கு அந்த வித்தியாசம் பெரியது. ரா கோப்பையும், அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். யாருடைய படம் என்ற தகராறு வந்தால் அவைதான் பேசும். ஓரத்தில் போடும் பெயர் முத்திரையை வெட்டியெடுக்க அரை நிமிடம் ஆகாது.

குழுக்களில் "தரம் குறையுது, டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்று சொல்வது வழக்கம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கும், கூடவே எக்ஸிஃப் தகவலும் (படக் கோப்புக்குள் கேமரா எழுதி வைக்கும் குறிப்புகள்) நீங்கும். டாக்குமென்டாக அனுப்பினால் எதுவும் நீங்காது: நேரம், கேமராவின் வரிசை எண், போனில் எடுத்திருந்தால் எடுத்த இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். எண்களும் அப்படியே போகும். வீட்டு ஜன்னலில் எடுத்த அணில் படம் வீட்டு முகவரியைச் சொல்லும். ஆந்தைக் கூட்டின் படம் கூட்டுக்கு வழி காட்டும். அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் இடத்தை உயிரினப் பதிவுத் தளமான ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மங்கலாக்குவது இதனால்தான். ஐபோனில் பகிரும் திரையின் மேலே உள்ள "விருப்பங்கள்" பகுதியில் இடத் தகவலை அணைக்கலாம். விண்டோஸில் கோப்பின் பண்புகளில், விவரங்கள் பகுதியின் அடியில் தனிப்பட்ட தகவல்களை நீக்கும் வழி இருக்கிறது. லைட்ரூம் என்ற படத் திருத்தச் செயலியில் ஏற்றுமதியின்போது "பதிப்புரிமை மட்டும்" என்று தேர்ந்தெடுத்தால் பெயர் நிற்கும், இடம் போய்விடும்.

ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டதா? வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் நீக்கும் வசதி சுமார் இரண்டு நாள் வரைதான். அதற்குள் யாராவது கோப்பைத் தம் போனில் சேமித்திருந்தால் அதை அந்த வசதி தொடாது. அவர்களிடம் தனித்தனியே கேட்டுத்தான் அழிக்கச் சொல்ல வேண்டும்.