பழைய எஸ்எம்பிஎஸ்ஸ பெஞ்ச் சப்ளையா மாத்துற பிரேக்அவுட் போர்டு - மூணு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

டெஸ்க்டாப்ல மதர்போர்டு போயிடுச்சு, ஆனா உள்ள இருந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு கரண்ட் குடுக்குற பவர் சப்ளை பெட்டி) நல்லா ஓடுது, அத தூக்கிப்போட மனசே வரல. முன்னாடி ஒரு தடவ இந்த மாதிரி சப்ளைய, மேஜைல வச்சு சர்க்யூட் டெஸ்ட் பண்ற பெஞ்ச் சப்ளையா மாத்துற வேலைய, வயரெல்லாம் வெட்டி, பச்சை வயர கருப்போட (கிரவுண்டு) முறுக்கி (அப்பதான் சப்ளை ஆன் ஆகும்), பாடில ஓட்டை போட்டு டெர்மினல் மாட்டி செஞ்சிருக்கேன், அதுக்கு சப்ளைய திறக்கணும், உள்ள இருக்குற பெரிய கெபாசிட்டர்ல பிளக்க எடுத்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம், அந்த பயத்தோட ரெண்டாவது தடவ செய்ய இஷ்டம் இல்ல. அதனாலதான் இந்த போர்டு வாங்கினேன்.

24 பின் கனெக்டர அப்படியே சொருகினா போதும், ஒரு வயர் கூட வெட்ட வேணாம், 20 பின் பழைய சப்ளையும் சேருது. 3.3, 5, 12, மைனஸ் 12 நாலுக்கும் தனித்தனி டெர்மினல், ஃபியூஸ், எல்இடி இருக்கு. பச்சை வயர கிரவுண்டோட சேக்குற வேலைய போர்டுல இருக்குற ஸ்விட்ச் பாத்துக்குது. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, ஸ்விட்ச ஆஃப் பண்ணினாலும் ஊதா வயர்ல 5 வோல்ட் ஸ்டாண்ட்பை வந்துகிட்டேதான் இருக்கும், முழுசா ஆஃப் ஆகணும்னா மெயின் பிளக்க புடுங்கணும்.

மொத நாளே ஒரு சிக்கல். 12 வோல்ட்ல ஒரு மோட்டார் ஓட விட்டு மல்டிமீட்டர் வச்சா 11.2 காட்டுது. பழைய சப்ளை நிறைய 5 வோல்ட்டையும் 12 வோல்ட்டையும் சேத்துதான் ரெகுலேட் பண்ணும், 5ல லோடே இல்லாம 12ல மட்டும் இழுத்தா 12 இறங்கிடும். 10 ஓம் 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒண்ண 5 வோல்ட் டெர்மினல்ல மாட்டினேன், அரை ஆம்பியர் இழுக்குது, 12 உடனே 11.8க்கு ஏறிடுச்சு. ரெண்டரை வாட் சூடு வரும், பிளாஸ்டிக் மேல படாம வைங்க. இந்த ரெசிஸ்டர போர்டுலயே போட்டு குடுத்திருக்கலாம், எனக்கு இருக்குற பெரிய குறையே இதுதான்.

அடுத்தது ஃபியூஸ். நாலு லைனுக்கும் 5 ஆம்பியர் போட்டிருக்காங்க. என் சப்ளை லேபிள்ல மைனஸ் 12க்கு 0.3 ஆம்பியர்தான் எழுதியிருக்கு, அங்க 5 ஆம்பியர் ஃபியூஸ் எந்த காலத்துல எரியப்போகுது? அத கழட்டி 250 மில்லிஆம்பியர் போட்டுட்டேன்.

12 வோல்ட் ஃபியூஸ் மட்டும் நெஜமாவே காப்பாத்துச்சு. ஒரு மோட்டார் டிரைவர்க்கு (மோட்டார ஓட்டுற சின்ன சர்க்யூட்) பிளஸ் மைனஸ் மாத்தி குடுத்துட்டேன், டக்குனு ஃபியூஸ் போச்சு, வயர் எரியல. ஆனா டிரைவர் ஐசி தப்பிக்கல. லேப் சப்ளை மாதிரி இதுல கரண்ட் லிமிட் (நாம வச்ச அளவுக்கு மேல கரண்ட் போகாம தடுக்குறது) கிடையாதுங்க, ஃபியூஸ் எரியறதுக்குள்ள சிப்பு செத்துடும். இப்போ புதுசா எந்த 12 வோல்ட் சர்க்யூட் டெஸ்ட் பண்ணினாலும் ஒரு 12 வோல்ட் 21 வாட் கார் பல்ப சீரிஸ்ல போட்டுடுறேன், ஷார்ட் ஆனா பல்ப் பளிச்சுனு எரியும், ஒண்ணே முக்கால் ஆம்பியர் கிட்டயே நின்னுடும். சர்க்யூட் சரியா இருக்குனு தெரிஞ்சதும் பல்ப எடுத்துடலாம்.

ஆடியோ ஆம்ப்ளிஃபையர் செய்யறவங்க அப்படியே யூஸ் பண்ணாதீங்க, ஏடிஎக்ஸ் ஸ்பெக்குலயே (கம்ப்யூட்டர் சப்ளைக்கான ஸ்டாண்டர்ட்) 12 வோல்ட்ல 120 மில்லிவோல்ட் வரைக்கும் ரிப்பிள் (வோல்டேஜ்ல வர்ற சின்ன ஏத்த இறக்கம்) இருக்கலாம்னுதான் இருக்கு, சின்ன ஆம்ப்ல இரைச்சலா கேக்கும். எல்இடி ஸ்ட்ரிப், ஃபேன், மைக்ரோகண்ட்ரோலர், பழைய ஹார்ட் டிஸ்க் மோட்டார், இதுக்கெல்லாம் அருமையா இருக்கு.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். டெர்மினல் நட்டு மட்டும் அப்பப்போ லூஸ் ஆகுது, வாங்கினதும் ஸ்பேனர் வச்சு டைட் பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.