பனியடுக்குச் சோதனை: சின்னத் தூணா, அகலத் தூணா?

டெல்லி ஆர்.கே. புரத்திலிருந்து குல்மார்க்குக்குப் பனிச்சறுக்கப் போகும் எங்கள் குழுவில் அடிக்கடி எழும் கேள்வி இது. சரிவில் பனிச்சரிவு வருமா என்று பார்க்க, பனியிலேயே ஒரு தூண் வெட்டித் தட்டிப் பார்ப்போம்; அதற்கு இரண்டு சோதனைகள் உண்டு.

சின்னத் தூண் என்பது அமுக்கச் சோதனை (compression test). இதற்கு 30 செ.மீ. சதுரத் தூண் வெட்டி, மேலே ஷவல் தகட்டை வைத்து, மணிக்கட்டை அசைத்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 என்று தட்ட வேண்டும். பலவீனமான அடுக்கு எங்கே என்று தெரிந்துவிடும்.

நீட்டித்த தூண் சோதனையிலும் (extended column test) அதே தட்டுகள்தான். ஆனால் தூணின் அகலம் 90 செ.மீ.; ஒரு முனையில் மட்டும் தட்டுவோம். பலவீனமான அடுக்கில் விழும் விரிசல் மறுமுனை வரை ஓடுகிறதா என்பதுதான் முக்கியம். பனி பாளமாகப் பெயர்ந்து சரிவது அப்படித்தானே! வெட்ட நேரம் ஆகும், சரி, இருந்தாலும் என் ஓட்டு இதற்கே.

அப்புறம், விரிசல் ஓடவில்லை என்ற ஒன்றை மட்டும் நம்பி 35 பாகைச் சரிவில் இறங்கிவிடாதீர்கள். பத்தடி தள்ளிப் பனி வேறு மாதிரி இருக்கலாம்.