திராட்டில் சென்சார் சோதனை: ஸ்கேனரா, மல்டிமீட்டரா?

ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்தால் வண்டி ஒரு கணம் தயங்கி, பிறகு எகிறுகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகையில் இது ஆபத்து. இன்ஜினுக்குக் காற்றை விடும் திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று இன்ஜின் கணினிக்குச் சொல்வது திராட்டில் பொசிஷன் சென்சார். சந்தேகம் அதன் மீது விழுந்தால், சோதிக்கக் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் உண்டு, வோல்ட்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் உண்டு. நான் மீட்டர் கட்சி.

ஸ்கேனரின் வசதி தெரிந்ததுதான். டாஷ்போர்டுக்குக் கீழே செருகினால் போதும், கையில் அழுக்குப் படாது. ஓபிடி (வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து சொல்லும் அமைப்பு) இல்லாத பழைய வண்டிக்கு அது உதவாது.

பி0122 என்று குறியீடு காட்டினால், சிக்னல் வோல்ட்டேஜ் குறைவு என்பதே அதன் பொருள். சென்சார் கெட்டாலும் அதே குறியீடு, 5 வோல்ட் வரும் வயர் அறுந்தாலும் அதே குறியீடு. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடலோரம் வண்டி நிறுத்துபவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: உப்புக் காற்றில் கனெக்டர் பின்களில் ஏறும் களிம்பு. என் வண்டியில் இருந்தது அதுதான். குறியீட்டைப் பார்த்த மெக்கானிக்கோ சென்சாரையே மாற்றச் சொன்னார்.

மீட்டர் இதைப் பிரித்துக் காட்டிவிடும். இக்னிஷன் ஆன், இன்ஜின் ஓடக் கூடாது. கனெக்டரின் பின்புறமாக ஊசியைச் செருகி அளந்தால் ஒரு வயரில் 5 வோல்ட் வர வேண்டும். எர்த் வயரில் ஏறக்குறைய பூஜ்யம். இவை சரியில்லையென்றால் புது சென்சார் வாங்குவது வீண். மூன்றாவது வயர்தான் சிக்னல். பல வண்டிகளில் திராட்டில் மூடியிருக்கும்போது 0.5 வோல்ட் அளவில் இருந்து, முழுதும் திறக்கையில் 4.5-ஐ நெருங்கும். மெதுவாகத் திறக்கும்போது நடுவில் சட்டென விழுந்து எழுந்தால் சென்சாருக்குள் இருக்கும் மின் தடம் தேய்ந்திருக்கிறது. அதிகம் புழங்கும் தொடக்கப் பகுதிதான் பெரும்பாலும் முதலில் தேயும். திராட்டிலைத் தொடாமல் கனெக்டரை மட்டும் அசைக்கும்போது அளவு துள்ளினால் குற்றம் பின்களில். கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

இதற்கு முள் மீட்டரே மேல். கண நேரச் சறுக்கலை மலிவான டிஜிட்டல் மீட்டர் தவறவிட்டுவிடும். முள் துடித்துக் காட்டிக்கொடுக்கும்.

கேபிள் இல்லாத எலெக்ட்ரானிக் திராட்டில் வண்டிகளில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. அவற்றில் பொதுவாக இரண்டு சிக்னல்கள் இருக்கும். இரண்டையும் ஒரே திரையில் ஒப்பிட ஸ்கேனர்தான் வசதி. அங்கே திராட்டில் தகட்டை விரலால் தள்ளாமல், ஆக்சிலேட்டரை மிதித்தே சோதிக்க வேண்டும்.