காரேம் (விரத) நாளில் சீனக் கடைச் “சைவம்”: ஏமாற வேண்டாம்

காவடிக்குக் கொடியேறிவிட்டால் பத்து நாள் நம் வீடுகளில் கவிச்சி கிடையாது. மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியில் வேலை பார்ப்பவர்கள் அந்த நாள்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பழகிய சீனக் கடைக்குப் போய், “மோ லோர் காரேம்” (நான் விரதம்) என்று கிரியோலில் சொல்லி ஏதாவது வாங்கிக்கொள்வது வழக்கம். அப்படிப் பல காலமாக நடக்கும் ஒரு கடையில் மூன்று உருப்படிகள் வாங்கப்பட்டன: மின் ஃப்ரிர் (வறுத்த நூடுல்ஸ்), போல் ரான்வெர்சே (கவிழ்த்த கிண்ணச் சோறு), சூசூ புலேத் (சௌசௌ உருண்டை). மூன்றுக்கும் எதிரே பலகையில் “வெஜிடேரியன்” என்று எழுதியிருந்தது. மூன்றும் அசைவம். புலேத்தைப் பிட்டால் உள்ளே உலர்ந்த இறால் துணுக்கு. கேட்டதற்கு, “வாசனைக்குக் கொஞ்சம்தானே, இறைச்சி போடலையே” என்றார்கள். மற்ற இரண்டிலும் என்ன போட்டீர்கள் என்று துருவிக் கேட்டபின், ஆய்ஸ்டர் சாஸும் (கடல் சிப்பியில் செய்வது) சிக்கன் பவுடரும் போட்டதாகச் சமையல்காரரே ஒப்புக்கொண்டார். பெயர் போடவில்லை, ஏனென்றால் இது ஒரு கடையோடு முடிகிற விஷயம் இல்லை.

தெரியாமல் நடந்தது என்று இதை விட முடியாது. பலகையில் சைவம் என்று எழுதி விற்றிருக்கிறார்கள். கடை பழசு, முதலாளி தெரிந்தவர் என்பதெல்லாம் இங்கே உத்தரவாதமே அல்ல.

இந்தச் சமையலில் துண்டு போடும் கறி கடைசியில்தான் சேருகிறது. அதை நிறுத்துவது சுலபம். கவிச்சி அதற்கு முன்பே நாலு வழியில் வந்துவிடுகிறது: சாஸ், பவுடர், கொழுப்பு, கொதிசாறு.

மின் ஃப்ரிரை எடுத்துக்கொள்ளுங்கள். மதியக் கூட்டத்துக்காகப் பல கடைகளில் காலையிலேயே மின்னை வேகவைத்து, வடித்து, ஒட்டாமல் இருக்க எண்ணெய் விட்டுப் பிரட்டி வைத்துவிடுவார்கள். சோயா சாஸ், ஆய்ஸ்டர் சாஸ், பவுடர் எல்லாம் ஒரே பாத்திரத்தில் முன்கூட்டியே கலந்திருக்கும். ஆர்டர் வந்ததும் ஒரு கரண்டி கலவை, மேலே கோழியோ இறாலோ. “சைவம்” என்றால் அந்தக் கோழியை மட்டும் விட்டுவிடுவார்கள். எண்ணெயில் பன்றிக் கொழுப்பு கலந்திருந்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஏசி அறையில் தட்டு ஆறியதும் விளிம்பில் வெள்ளைப் படலம் கட்டினால் சந்தேகப்படலாம். படலம் இல்லாவிட்டால் கொழுப்பு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கொஞ்சமாகக் கலந்திருந்தால் உறையாது.

மின்னிலேயே முட்டை இருக்கலாம். விரதத்தில் முட்டையும் விலக்குபவர்கள் மீஃபூன் கேளுங்கள். அது அரிசிச் சேமியா.

போல் ரான்வெர்சே இன்னும் மோசம். கிண்ணத்தின் அடியில் பொரித்த முட்டை, அதன்மேல் காய்கறிக் குழம்பு, அதன்மேல் சோறு அழுத்தி, தட்டில் கவிழ்ப்பார்கள். அந்தக் குழம்பின் உயிரே ஆய்ஸ்டர் சாஸ்தான். கரும்பழுப்பாக, பளபளப்பாக, லேசான இனிப்போடு கரண்டியில் ஒட்டினால் அதுவாகத்தான் இருக்கும். காளானில் செய்த சைவ ஆய்ஸ்டர் சாஸும் இருக்கிறது. பார்வைக்கும் நாக்குக்கும் வித்தியாசம் தெரியாது. “எங்களுடையது காளான் சாஸ்” என்று சொன்னால் பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது சூசூ புலேத்தில். துருவிய சூசூவைப் பிழிந்து, மாவு சேர்த்து, உருட்டி, ஆவியில் வேகவைப்பது. காய்கறிதானே என்று தோன்றும். ஆனால் வழக்கமான செய்முறையிலேயே உலர்ந்த இறால் உண்டு, சிலர் அரைத்த கோழியோ மீனோ சேர்ப்பார்கள். பிட்டுப் பார்த்தால் ஆரஞ்சு நிறத் துணுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் அது மிதக்கும் சாறு எலும்புச் சாறாக இருக்கலாம். மீன் புலேத்தும் மாட்டிறைச்சிப் புலேத்தும் அதே அண்டாவில் சூடாகும். மாட்டிறைச்சி விஷயம் விரதம் இல்லாத நாளிலும் நம்மில் பலருக்கு முக்கியம். புலேத் வேண்டாம், சாறு மட்டும் போதும் என்று வாங்குவதில் அர்த்தமே இல்லை.

அஜினோமோட்டோவைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. அது கரும்புச் சர்க்கரைப்பாகு, மாவுச்சத்து போன்றவற்றைப் புளிக்கவைத்துச் செய்வது, சைவம்தான். பக்கத்தில் இருக்கும் சிக்கன் பவுடர் டப்பாவைத்தான் பார்க்க வேண்டும். பூண்டுத் தண்ணியிலும் மிளகாய் விழுதிலும் பொதுவாகக் கவிச்சி இருப்பதில்லை. பூண்டு விலக்குபவர்கள் மட்டும் தள்ளி வையுங்கள்.

எப்படிக் கேட்பது? “இறைச்சி இல்லாமல்” என்று சொன்னால் போதாது. கல்லாவில் இருப்பவரிடம் சொல்வதிலும் பயனில்லை. சமையல்காரர் காதில் விழ வேண்டும். பன்னிரண்டு மணிக் கூட்டத்தில் அவரால் நின்று கேட்க முடியாது, பதினொன்றரைக்குள் போய்விடுங்கள். கலவைப் பாத்திரத்தைத் தொடாமல் சாதாரண சோயா சாஸ், உப்பு, வெள்ளை மிளகு, கடைசியில் அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய், அவ்வளவுதான் வேண்டும் என்று சொல்லுங்கள். பாட்டிலிலிருந்து புது எண்ணெய், பிரட்டி வைக்காத மீஃபூன், கீரை, கேரட், கோஸ். டோஃபு வேண்டுமென்றால் பொரிக்காமல் கேளுங்கள். பொரிக்கிற எண்ணெயில் கோழியும் மீனும் ஏற்கெனவே குளித்திருக்கும். குழம்பு வேண்டுமென்றால் உலர்ந்த கறுப்புக் காளான் ஊறிய தண்ணீர் ஒரு கப், சோயா சாஸ் இரண்டு தேக்கரண்டி, குளிர்ந்த நீரில் கரைத்த சோளமாவு இரண்டு தேக்கரண்டி. இது போதும், கோழிச் சாறு இல்லாத குறையே தெரியாது. “கொஞ்சம் சாஸ் போட்டால்தான் ருசி” என்று பதில் வந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

வாணலி பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு ஆர்டருக்கும் நடுவில் அதைச் சுடுதண்ணீர் விட்டு மூங்கில் தூரிகையால் தேய்ப்பார்கள், சோப்பு போடுவதில்லை. போட்டால் வாணலியின் பதம் போய்விடும் என்பார்கள். அதில் ஒட்டியிருக்கும் அந்த அளவும் கூடாது என்று விரதம் காப்பவர்களுக்குக் கறி சமைக்கும் எந்தச் சீனக் கடையும் சரிப்படாது. வீட்டுச் சாப்பாட்டுப் பெட்டிதான் வழி.

இனி பில். கோழி போடாத தட்டுக்கும் அதே விலை. அது கடைக்காரர் இஷ்டம், கேட்க முடியாது. ஆனால் பலகையில் இருந்த விலைக்கு மேல் 15 சதவீதம் வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்ந்தது. 1,000 ரூபாய் என்று கணக்குப் போட்டவர் 1,150 கொடுக்க வேண்டியதாயிற்று. வரி தனி என்பது பலகையின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. உட்காருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வாட் பதிவு செய்யாத கடை அந்த வரியை வாங்கவே முடியாது. பதிவு செய்த கடை வாங்கினால் பில்லில் “வாட் இன்வாய்ஸ்” என்ற சொல், கடையின் வாட் பதிவு எண், பி.ஆர்.என். எனும் வணிகப் பதிவு எண் மூன்றும் இருக்க வேண்டும். கையால் கிறுக்கிய சீட்டில் “+15%” என்று மட்டும் இருந்தால் சரியான பில் கேளுங்கள். தர மறுத்தால் அந்தச் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு வரித்துறையான எம்.ஆர்.ஏ.வுக்கு எழுதுங்கள். பலகையையும் சேர்த்துப் படம் எடுங்கள், “வெஜிடேரியன்” என்ற சொல் அதில் தெளிவாகத் தெரியட்டும். நுகர்வோர் விவகாரப் பிரிவில் புகார் கொடுக்க அது தேவைப்படும்.