வர்ஜீனியாவின் புகையிலை, கரோலினாவின் நெல்: இரண்டு பண்ணை முதலாளிகளின் அன்றாடம்

குடியேற்றக் கால அமெரிக்காவின் பண்ணை முதலாளி என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது வெள்ளைத் தூண்கள் வைத்த மாளிகையும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை பருத்தியும்தான். பருத்தி தெற்கை ஆளத் தொடங்கியது 1793இல் பஞ்சிலிருந்து கொட்டை நீக்கும் எலி விட்னியின் எந்திரம் வந்த பிறகு. அதற்குள் பிரிட்டிஷ் ஆட்சி முடிந்து பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அதற்கு முன்பு பெரிய பண்ணைகளைக் கட்டி எழுப்பிய பயிர்கள் புகையிலையும் நெல்லும். புகையிலை வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் விளைந்தது; நெல் தென் கரோலினாவின் கடலோரத் தாழ்நிலத்தில் விளைந்தது.

இரண்டு இடத்திலும் ஒரே மன்னர், ஒரே மொழி, ஒரே அடிமை முறை. ஆனால் முதலாளி எழுந்து உறங்கும் வரையிலான பொழுது இரண்டு இடத்திலும் வெவ்வேறாகக் கழிந்தது. புகையிலை முதலாளியை வயலோடு கட்டிப்போட்டது. நெல் அவரை வயலை விட்டே விரட்டியது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்றதெல்லாம் கிளைக்கிறது என்பது என் கருத்து.

முதலில் வர்ஜீனியா. ஜேம்ஸ் ஆற்றங்கரையில் இருந்த வெஸ்டோவர் பண்ணையின் உரிமையாளர் இரண்டாம் வில்லியம் பேர்டு, 1709 முதல் 1712 வரை சுருக்கெழுத்தில் ஒரு ரகசிய நாட்குறிப்பு எழுதினார். பெரும்பாலான நாட்கள் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. விடியற்காலை 5 மணி அளவில் எழுவார். எபிரேய வேதாகமத்தில் ஓர் அதிகாரம், கிரேக்கத்தில் கொஞ்சம் ஹோமர். காலை உணவுக்குக் காய்ச்சிய பால். ஜெபம். பிறகு 'நடனம்' என்று அவர் எழுதும் ஏதோ ஓர் உடற்பயிற்சி. 1709 பிப்ரவரி 8ஆம் தேதிக் குறிப்பில், ஜெபத்துக்கும் நடனத்துக்கும் நடுவே, ஜென்னிக்கும் யூஜீனுக்கும் சவுக்கடி கொடுக்கப்பட்டது என்று ஒரு வரி வருகிறது. இருவரும் வீட்டு வேலை செய்த அடிமைகள். எதற்காக அடி என்று ஒரு சொல்லும் இல்லை. அன்று பகலில் சட்டமும் இத்தாலிய மொழியும் படித்திருக்கிறார். அதே ஆண்டு டிசம்பரில், படுக்கையை நனைத்த குற்றத்துக்காக யூஜீனைச் சிறுநீர் குடிக்க வைத்ததையும் எந்தச் சலனமும் இல்லாமல் பதிவு செய்திருக்கிறார். பல இரவுகளில் குறிப்பு முடிவது, நல்ல உடல்நலமும் நல்ல எண்ணமும் நல்ல மனநிலையும் தந்த இறைவனுக்கு நன்றி சொல்லித்தான்.

பேர்டின் நூலகத்தில் 3,000க்கும் மேற்பட்ட புத்தகங்கள் இருந்தன. ரிச்மண்ட் நகரத்துக்கு இடம் தேர்ந்தவரும் அவரே. இந்தப் பெருமைகளைப் பேசுகிறவர்கள் அந்தப் பிப்ரவரி வரியையும் சேர்த்தே படிக்க வேண்டும். வீட்டுக்குள், கையெட்டும் தூரத்தில் எஜமானர் இருந்ததால் அடிமைக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை.

ஏன் அவ்வளவு நெருக்கம்? புகையிலை கைவேலைப் பயிர். குளிர்காலத்தின் இறுதியில் நாற்றங்கால், மே, ஜூன் மழைக்குக் காத்திருந்து நடவு. பிறகு நுனி கிள்ள வேண்டும், பக்கத் துளிர்களை ஒடிக்க வேண்டும், இலையைத் தின்னும் பச்சைப் புழுக்களை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி நசுக்க வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடை. எந்த நாளில் வெட்டுவது, கொட்டகையில் தொங்கும் இலை எப்போது பதமாகிறது, எப்போது பீப்பாயில் அழுத்துவது என்ற முடிவுகளில் ஒரு நாள் தவறினாலும் இலையின் தரம் போய்விடும். சந்தையில் இலையைப் பார்த்தே முதலாளியின் திறமையை எடைபோட்டார்கள். அதனால் அவர் குதிரையேறி வயல் வயலாகச் சுற்றினார். வேலையாட்கள் கும்பலாக, வெள்ளைக்கார மேற்பார்வையாளரின் கண் முன்னால், விடிந்தது முதல் இருட்டும் வரை வேலை செய்தார்கள். முடித்துவிட்டுப் போகலாம் என்ற அளவு எதுவும் இல்லை. சபைன் ஹால் பண்ணையின் லேண்டன் கார்ட்டர் 1752 முதல் 1778 வரை எழுதிய நாட்குறிப்பில் மழை, புழு, யார் சோம்பினார்கள், யார் நோய் என்று பாசாங்கு செய்தார்கள் என்ற சந்தேகங்களே பக்கம் பக்கமாக நிறைந்திருக்கின்றன.

இப்படிச் சுற்றி வந்தவர் தன் பணத்துக்குத் தானே எஜமானராக இருக்கவில்லை. பெரிய பண்ணையாரின் பீப்பாய்கள் லண்டன் வணிகரிடம் போகும். என்ன விலைக்கு விற்றது என்பது மாதங்கள் கழித்துத்தான் தெரியும். கப்பல் கூலி, சுங்கம், தரகு எல்லாம் கழித்து, மீதிக்குத் துணியும் நாற்காலியும் வண்டியும் வந்து சேரும். அனுப்பிய பொருள் மட்டம், வழக்கொழிந்த பாணி என்று ஜார்ஜ் வாஷிங்டன் தம் லண்டன் வணிகரிடம் குறைப்பட்டுக்கொண்டார். 1760களின் நடுவில் புகையிலையையே விட்டுக் கோதுமைக்கு மாறினார். கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கி, பண்ணையாளர்களே லண்டன் வணிக நிறுவனங்களின் சொத்துப்போல ஆகிவிட்டார்கள் என்று தாமஸ் ஜெஃபர்சன் எழுதினார். மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்தவர் அந்தச் சொல்லைத் தமக்கே பயன்படுத்தியது எனக்கு இன்றும் திகைப்பைத் தருகிறது.

இப்போது தென் கரோலினா. சார்ல்ஸ்டன் குடியேற்றம் 1670இல் தொடங்கியது. 1690களில் நெல் வேரூன்றியது. இங்கிலாந்திலிருந்து வந்தவர்களுக்கு நெல் தெரியாது. மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரையிலிருந்து கடத்திவரப்பட்டவர்களுக்குத் தெரியும். அவர்கள் மண்ணில் குழியிட்டு விதைத்துக் குதிகாலால் மூடிய விதமும், புல்லால் பின்னிய தட்டையான கூடையில் புடைத்த விதமும், மர உரலில் நின்றபடி உலக்கையால் குற்றிய விதமும் ஆப்பிரிக்காவிலிருந்தே வந்தவை. வயலுக்கு நீர் பாய்ச்சச் சைப்ரஸ் மரத்தண்டைக் குடைந்து மதகு செய்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுவில், கடல் ஏற்றத்தின்போது ஆற்று நன்னீர் உயர்வதைப் பயன்படுத்தி வயலை நிரப்பவும் வடிக்கவும் தொடங்கினார்கள். மைல் கணக்கில் கரை எழுப்பிய மண்வேலை முழுவதும் அடிமைகளின் கைகளால் நடந்தது.

தேங்கிய நீர் கொசுவைக் கொண்டுவந்தது. கொசு மலேரியாவைக் கொண்டுவந்தது. அன்றைய மக்கள் அதைச் சதுப்பின் கெட்ட காற்று என்றார்கள். மே மாதம் பிறந்ததும் வசதியுள்ள முதலாளி குடும்பத்தோடு நகரத்துக்குப் போய்விடுவார். முதல் உறைபனி விழுந்த பிறகே திரும்புவார். நடுவில் வரும் களையெடுப்பும் அறுவடையும் அவர் கண்ணில் படாமலே நடக்கும். சார்ல்ஸ்டனில் அவருக்கு 1736இல் திறந்த டாக் ஸ்ட்ரீட் நாடக அரங்கு இருந்தது, 1748இல் தொடங்கிய நூலகச் சங்கம் இருந்தது, விருந்தும் இசைக் கச்சேரியும் குதிரைப் பந்தயமும் இருந்தன. அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற துறைமுகமும் அதே நகரத்தில்தான். ஹென்றி லாரன்ஸ் அடிமை வணிகத்தில் சேர்த்த செல்வத்தைக் கொண்டு மெப்கின் பண்ணையை வாங்கினார். வர்ஜீனியா முதலாளி லண்டனிலிருந்து கடிதத்துக்குக் காத்திருந்தார். கரோலினா முதலாளியோ தம் நெல்லை வாங்கும் வணிகரோடு ஒரே தெருவில் வாழ்ந்தார்.

வயலில் நடைமுறையை நடத்தியவர் கங்காணி; பெரும்பாலும் அவரும் ஓர் அடிமை. வேலை அளந்து கொடுக்கப்பட்டது: களையெடுப்பு என்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கால் ஏக்கர் என்பது பரவலான அளவு. அதை முடித்தவர் தன் தோட்டத்தில் காய்கறி போடலாம், கோழி வளர்க்கலாம், சந்தையில் விற்கலாம். வர்ஜீனியாவில் இல்லாத இந்தச் சில மணி நேரத்தைச் சிலர் கரோலினா முறையின் இரக்கமாகப் பேசுகிறார்கள். நான் ஏற்கவில்லை. முதலாளி இல்லாத வயலில் வேலையை வாங்குவதற்குக் கண்டெடுத்த வழி அது. கதிர் அடித்துப் புடைத்த பிறகு, குளிர்காலம் முழுவதும் நெல் குற்ற வேண்டியிருந்தது. உலக்கை வேலைக்கு ஏக்கர் அளவு உதவாது. 1740ஆம் ஆண்டின் கரோலினாச் சட்டம், கோடைப் பாதியில் நாளொன்றுக்கு 15 மணி நேரத்துக்கும் மற்றப் பாதியில் 14 மணி நேரத்துக்கும் மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. அடிமைக்குப் பாதுகாப்பு என்று எழுதிய வரம்பே 15 மணி நேரம்!

அந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம் 1739 செப்டம்பர் 9 அன்று ஸ்டோனோ ஆற்றருகே வெடித்த கிளர்ச்சி. 1708 வாக்கிலேயே அந்தக் குடியேற்றத்தில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாகிவிட்டார்கள். பயந்துபோன முதலாளிகள் அடிமைகளுக்கு எழுதக் கற்றுத்தருவதையும் தடை செய்தார்கள். அந்த நாட்களில்தான் எலைசா லூகஸ் என்ற இளம்பெண், தந்தை ஆன்டிகுவாவுக்குப் போய்விட, சார்ல்ஸ்டனுக்கு அருகில் வாப்பூவில் இருந்துகொண்டு தந்தையின் மூன்று பண்ணைகளைக் கவனித்தார். பேர்டைப்போலவே 5 மணிக்கு எழுவார், 7 வரை படிப்பார், வேலை நடக்கிறதா என்று வயலைச் சுற்றுவார், பிறகு இசை, பிரெஞ்சு, சுருக்கெழுத்து. தம் தங்கையோடு இரண்டு கறுப்பினச் சிறுமிகளுக்கும் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதாகவும், மற்றக் குழந்தைகளுக்கு அவர்களை ஆசிரியைகளாக்க விரும்புவதாகவும் தோழிக்கு எழுதினார். மனத்தைத் தொடும் கடிதம்தான். ஆனால் அவர் அவுரியில் வெற்றி கண்டபோது அந்தச் சாயத்தொட்டிகளின் நாற்றத்தில் நின்றவர்களும் அடிமைகளே.

இரண்டையும் எடைபோட எனக்கு ஓர் அளவுகோல் போதும்: யார் உயிரோடு இருந்தார்கள்? வர்ஜீனியாவில் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அடிமை மக்கள்தொகை பிறப்பால் பெருகத் தொடங்கியது. கரோலினாவின் நீர்வயல்களில் இறப்பு மிஞ்சியதால், இழந்தவர்களை ஈடுகட்டக் கப்பல் கப்பலாகப் புதியவர்களை வாங்கினார்கள். ஆகவே கொல்வதில் கரோலினாவே முந்தியது. வர்ஜீனியாவின் பெருக்கத்தை அன்பின் கணக்கில் சேர்க்கவும் முடியாது: தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்ற 1662ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒவ்வொரு பிரசவமும் முதலாளிக்கு வரவு. மறுபுறம், எஜமானர் விலகி நின்ற கரோலினாவில்தான் ஆப்பிரிக்கச் சொற்களும் கூடை பின்னும் கலையும் தங்கி, அந்த அடிமைகளின் வழித்தோன்றல்களிடையே 'கல்லா' (Gullah) என்ற மொழியாகவும் பண்பாடாகவும் இன்றுவரை வாழ்கின்றன.

அமெரிக்க விடுதலைப் போர் வந்தபோது இரண்டு இடத்திலும் ஒரே காரியம் நடந்தது. கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தால் விடுதலை என்று வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் 1775 நவம்பரில் அறிவித்தார். 1776 ஜூனில் ஓர் இரவு, லேண்டன் கார்ட்டர் உறங்கப் போன பிறகு, அவர் மகனின் பணியாளர் மோசஸ் உட்படப் பலர் சபைன் ஹாலை விட்டுப் போய்விட்டார்கள். கரோலினாவில், கங்காணி ஒருவரின் மகனான பாஸ்டன் கிங் 1780இல் தப்பி, சார்ல்ஸ்டனைப் பிடித்திருந்த பிரிட்டிஷாரிடம் சேர்ந்தார். பின்னர் நோவா ஸ்கோஷியா போய், 1792இல் சியரா லியோனில் குடியேறி, தம் வாழ்க்கையைத் தாமே எழுதினார். எஜமானர்களின் நாட்குறிப்புகளை மட்டும் படித்துப் பழகிய நமக்கு அடுத்ததாகப் படிக்க வேண்டியது அதுதான்.